ஹெட்செட்டா, பொம்மையா, நடிகரா? நர்சிங் ஸ்கில் லேபுக்கு எதை வாங்குவது

60 பேர் படிக்கும் ஒரு பி.எஸ்சி. நர்சிங் வகுப்பை வைத்துக்கொள்வோம். ஸ்கில் லேபுக்கென்று, அதாவது நோயாளியிடம் போகும் முன் மாணவர்கள் பழகும் பயிற்சிக்கூடத்துக்கென்று, இந்த ஆண்டு கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. நிர்வாகத்துக்கு மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட் (தலையில் மாட்டும் கணினிக் கண்ணாடி) மேல் கண். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்டலாம், அட்மிஷன் விளம்பரத்தில் படம் போடலாம். ட்யூட்டர்களுக்கோ குத்திக் குத்திக் கிழிந்துபோன ரப்பர் கையை மாற்றினாலே போதும். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எந்தப் பொருள் எந்தத் திறனைக் கற்றுத்தரும் என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகப் பேசுவதால்தான் இந்தக் கூட்டங்கள் முடிவில்லாமல் இழுக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை வேலையைக் கற்பிக்க ஹெட்செட் வேண்டாம். நோயாளியைக் கவனித்து, நிலைமை மோசமாவதைப் புரிந்துகொண்டு, நேரத்தோடு டாக்டரைக் கூப்பிடுவதைக் கற்பிக்க அது உதவும். அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு.

மிக்ஸ்டு ரியாலிட்டி, சுருக்கமாக எம்ஆர். 1994-இல் பால் மில்கிராமும் ஃபூமியோ கிஷினோவும் எழுதிய கட்டுரையில் நிஜ உலகத்தை ஒரு முனையிலும் முழுக்கக் கணினி உருவாக்கிய உலகத்தை மறு முனையிலும் வைத்து, இடையில் வருவதையெல்லாம் இந்தப் பெயரில் அடக்கினார்கள். விஆர் (முழுக்கக் கணினி உலகம்) கண்ணாடி போட்டால் அறை மறைந்துவிடும். எம்ஆரில் அறை, கட்டில், பக்கத்தில் நிற்கும் தோழி எல்லாம் அப்படியே தெரியும். காலியான கட்டிலில் ஒரு நோயாளி மட்டும் புதிதாகப் படுத்திருப்பார். அறை கண்ணில் படுவதால் தலைசுற்றலும் குறைவு. நாலு பேர் ஒரே நோயாளியைச் சுற்றி நின்று பேசலாம் என்பது நர்சிங்குக்கு முக்கியம், ஏனென்றால் வார்டில் யாரும் தனியாக வேலை செய்வதில்லை.

ஊசி, கேனுலா, கத்தீட்டர்

பொம்மையை வைத்துக் கற்பிப்பது பழைய வழி. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்காக மார்த்தா சேஸ் 1911-இல் ஆள் உயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். படுக்கை மாற்றுவது, நோயாளியைத் திருப்புவது, பிறகு ஊசி போடுவது எல்லாம் அந்த ‘மிசஸ் சேஸ்’ மேல்தான் பழகினார்கள். நூறு ஆண்டு கழிந்தும் இந்த வேலைகளுக்கு அதைவிட நல்ல யோசனை வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வென்ஃப்ளான், அதாவது நரம்பு வழி மருந்து ஏற்றும் சின்னக் குழாயான கேனுலா போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் டூர்னிகே பட்டை கட்டி, நரம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, 10 முதல் 30 டிகிரி சாய்வில் ஊசியை நுழைக்கிறோம். தோலில் ஒரு தடை. ரத்தக் குழாயின் சுவரைத் தாண்டும்போது சட்டென்று ஒரு விடுபடல். பின்னால் ரத்தம் எட்டிப் பார்த்ததும் சாய்வைக் குறைத்து, ஊசியை நிறுத்திவிட்டு கேனுலாவை மட்டும் முன்னே தள்ள வேண்டும். இதில் பாதிக்கு மேல் விரல் நுனியில் நடப்பது. ஹெட்செட் காட்டும் ஹாலோகிராம் (வெறும் பிம்பம்) கையில் குத்தினால் காற்றைத்தான் குத்துகிறோம். அதிரும் கன்ட்ரோலரைப் பிடித்துப் பழகியவர் 22 கேஜ் கேனுலாவைக் கையில் எடுக்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தோலும் குழாயும் மாற்றக்கூடிய ரப்பர் கைகள் பத்து வாங்கினால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் குத்தலாம்.

இன்சுலின் இன்னொரு உதாரணம். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு போய்ச் சேரும். மாற்றிச் செய்தால் பாதிகூடப் போகாது. இந்தக் கோடுகளை வெறும் கண்ணால், நிஜ சிரிஞ்சில், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துப் பழக வேண்டும். மெட்டா குவெஸ்ட் 3 மாதிரி கேமரா வழியாக வெளியுலகத்தைக் காட்டும் ஹெட்செட்டில் ஆம்பூலின் (சின்ன மருந்துக் குப்பியின்) பொடி எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது. மருந்துப் பெயரைச் சரியாகப் படிக்க முடியாத இடத்தில் மருந்து கொடுக்கப் பழக்குவது தப்பான பழக்கத்தை ஊட்டுவதாக முடியும்.

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் சிபிஆரும் அப்படித்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்டக் கூடாது. அழுத்துகிறவருக்கு ஆழமும் வேகமும் உடனுக்குடன் தெரிய வேண்டும். 2019 ஜனவரி முடிவிலிருந்து அமெரிக்க இதயச் சங்கம் தன்னுடைய பெரியவர்களுக்கான சிபிஆர் வகுப்புகளில் இப்படி அளந்து சொல்லும் கருவியைக் கட்டாயமாக்கியது. பொம்மைக்குள் இருக்கும் சென்சாரும் ஒரு சின்ன விளக்குமே இதற்குப் போதும். ஹெட்செட் போட்டுக்கொண்டு அழுத்தினால் வியர்வையில் அது நழுவுவதுதான் மிச்சம்.

ஹெட்செட் தன் காசைச் சம்பாதிக்கும் இடம்

வார்டு போஸ்டிங்கில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளியின் பக்கத்தில் மாணவரை யாரும் விடுவதில்லை. சிஸ்டர்கள் கட்டிலைச் சூழ்ந்ததும் “கொஞ்சம் தள்ளி நில்லும்மா” என்றுதான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். அதனால் பலர் தங்கள் முதல் அனாஃபிலாக்சிஸை (கடும் ஒவ்வாமை), முதல் செப்சிஸை (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று) வேலைக்குச் சேர்ந்த பிறகு நைட் டூட்டியில்தான் சந்திக்கிறார்கள்.

நிமோனியாவோடு படுத்திருக்கும் 54 வயதுக்காரர் ஒருவர். மாலையில் மூச்சு நிமிடத்துக்கு 18, ஆக்சிஜன் அளவு 96, நாடி 88. இரண்டு மணி நேரம் கழித்து மூச்சு 22, ஆக்சிஜன் 93, நாடி 112, காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமுறுத்தாது. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட நியூஸ்-2 என்ற, நோயாளி மோசமாவதை மதிப்பெண்ணால் காட்டும் கணக்கில் போட்டால் மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 2, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 7. அந்த முறையில் 7 என்றால் அவசரக் குழுவைக் கூப்பிட வேண்டிய நிலை.

இதைத் தாளில் எழுதிக் கொடுத்து வகுப்பில் கூட்டச் சொல்லலாம், அதுவும் பயன்தான். ஆனால் தாளில் ‘மூச்சு 22’ என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வார்டில் அதை எண்ண வேண்டும். எண்ணாமல் எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று சார்ட்டில் போடுகிற பழக்கம் எந்த ஊரில் இல்லை? கட்டிலில் படுத்திருக்கும் ஹாலோகிராம் நோயாளியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினால்தான் விடை கிடைக்கும். கழுத்துத் தசை இழுபடுகிறதா, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா, போர்வையை உதறுகிறாரா என்று சுற்றி நடந்து பார்க்கலாம். ட்யூட்டர் ஒரு பட்டனைத் தட்டி நிலைமையை மோசமாக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைகளும் ஜிக்எக்ஸ்ஆர் நிறுவனத்தோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஹாலோசினாரியோஸ் இந்த வகைதான். அதன் முதல் பாடமே மூச்சுக் கோளாறுகள். சரியான தேர்வு, கண்ணுக்கு அதில்தான் நிறைய வேலை.

இங்கே யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது: தோல் நிறம். மைக்ரோசாஃப்டின் ஹாலோலென்ஸ் போன்ற, ஊடே பார்க்கும் கண்ணாடிகள் இருக்கிற வெளிச்சத்தின் மேல் கூடுதல் வெளிச்சத்தைச் சேர்த்துத்தான் படம் காட்டும். கறுப்பு என்பது அவற்றுக்கு ‘வெளிச்சம் இல்லை’, அதாவது வெறும் கண்ணாடி. கருத்த தோலுடைய நோயாளியைக் காட்டினால் உடம்பின் ஊடே கட்டில் விரிப்பு தெரியும். வெள்ளைக்காரர் மட்டும் திடமாகத் தெரிவார். கேமரா வழிக் கருவிகளில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பாடங்களை எழுதியவர்கள் எந்தத் தோலை மனதில் வைத்தார்கள் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. உதடு நீலமாவதைக் காட்டிவிட்டு ‘சயனோசிஸ்’ என்றால், நம் வார்டுக்கு வந்த மாணவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நாக்கு, உதட்டின் உட்பக்கம், கண் இமையின் உட்புறம், உள்ளங்கை என்று நாம் பார்க்கும் இடங்கள் வேறு. கருத்த தோலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டக்கூடும் என்பதும் பல ஆய்வுகளில் பதிவானது. ஆகவே இந்த இடங்களைப் பார்க்கப் பழகுவது நம்மவர்களுக்குக் கூடுதல் அவசியம். பாடத்தை மாற்றி எழுத முடியாத மென்பொருளை நம் கல்லூரிகள் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மொழியும் இருக்கிறது. ஹாலோகிராம் நோயாளி ஆங்கிலத்தில் “எனக்கு மூச்சு முட்டுகிறது” என்பார். மதுரைப் பாட்டி “நெஞ்சை என்னமோ பண்ணுது” என்றுதான் சொல்வார், அதையும் மகளிடம் சொல்வார், சிஸ்டரிடம் சொல்ல மாட்டார்.

அதே வேலைக்கு மற்ற வழிகள்

கவனிக்கவும் பேசவும் கற்பிக்க எம்ஆர் மட்டும்தானா? இல்லை. 1963-இல் ஹோவர்டு பேரோஸ் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்த ஒருவரை நோயாளியாக நடிக்க வைத்ததிலிருந்து இந்த வழி இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், நாடகக் குழுவில் இருந்த அண்ணன், கல்லூரி மெஸ்ஸில் வேலை செய்யும் அக்கா யாராக இருந்தாலும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் பாட்டியின் “என்னமோ பண்ணுது” தத்ரூபமாக வந்துவிடும். வயிற்றுவலிக்காரரிடம் விவரம் கேட்பது, கேன்சர் என்று தெரிந்த குடும்பத்தோடு உட்காருவது, குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் உறவினரைச் சமாளிப்பது இதற்கெல்லாம் எந்த ஹாலோகிராமும் ஈடாகாது. நடிகரால் முடியாதது உடம்பின் குறிகள். தன் மூச்சை 32-க்கு ஏற்றி இருபது நிமிடம் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது, முயன்றால் அவரையே அட்மிட் செய்ய வேண்டியதுதான்.

லேர்டல் நிறுவனத்தின் மாமா நட்டாலி என்னை மிகவும் கவர்ந்தது. ட்யூட்டர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு பை, அதற்குள் குழந்தை, நஞ்சுக்கொடி, சிவப்பு நீர். கட்டிக்கொண்டவர் கத்துவார், திட்டுவார், குழந்தையை வெளியே தள்ளுவார், பிறகு ரகசியமாகக் குழாயைத் திறந்து ரத்தப்போக்கை ஆரம்பித்துவிடுவார். மாணவர் கர்ப்பப்பையைத் தேய்க்கும் வரை ரத்தம் நிற்காது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. நிஜ ஆளும் பொருளும் கலந்த இந்தக் கலவை, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைக் கற்பிப்பதில் பல லட்ச ரூபாய்ப் பொருளுக்குச் சவால் விடும்.

மூச்சு விட்டு, கண் சிமிட்டி, வலிப்பு வந்து, மானிட்டரில் இசிஜி ஓடும் ஹை-ஃபிடெலிட்டி மேனிக்வின் (கணினி இயக்கும் பொம்மை) இன்னொரு வழி. தொட்டுப் பார்க்கலாம், நாடி பிடிக்கலாம், ஷாக் கொடுக்கலாம். ஐசியூ குழுப் பயிற்சிக்கு இதுதான் ராஜா. விலை பல லட்சங்களில் போகும், ஆண்டுப் பராமரிப்பு தனி. முகத்தில் உணர்ச்சி வராது. சில கல்லூரிகளில் இது கண்ணாடி அறைக்குள் போர்வை போர்த்திப் படுத்தே இருப்பதற்குக் காரணம், அதை ஓட்டத் தெரிந்த ஒரே ட்யூட்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்பதுதான். ஹெட்செட்டுக்கும் அதே விதி காத்திருக்கலாம்.

கணக்குப் போடுங்கள்

ஆறு ஹெட்செட், 60 பேர் என்று வையுங்கள். மாட்டி, கண்ணுக்குச் சரிசெய்து, துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்க 10 நிமிடம், பயிற்சி 20 நிமிடம். பத்துச் சுற்றுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. ஹாலோலென்ஸ் 2, குவெஸ்ட் 3 இரண்டிலும் பேட்டரி இரண்டு மணி நேரம் சொச்சம்தான் தாங்கும். இத்தனைக்கும், பயிற்சி முடிந்து உட்கார்ந்து “அப்போ ஏன் டாக்டரைக் கூப்பிடலை?” என்று பேசும் நேரம் இதில் சேரவில்லை. படிப்பு அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. ஒருவர் போட்டுக்கொள்ள மற்ற ஒன்பது பேர் பெரிய திரையில் பார்த்துக் குறிப்பெடுக்கும்படி அமைத்தால் நேரம் மிச்சமாகும். அதற்கு நல்ல வைஃபை வேண்டும்.

கொண்டையையும் யாரும் யோசிப்பதில்லை. ஹாலோலென்ஸ் 2-இன் பேட்டரியும் இறுக்கும் திருகும் பின்தலையில், சரியாக நெட் போட்ட கொண்டை உட்காரும் இடத்தில் இருக்கின்றன. எடை 566 கிராம். குவெஸ்ட் 3 எடை 515 கிராம், அது பெரும்பாலும் முகத்தின் மேல். ஏசி இல்லாத லேபில் மே மாதம் இதை ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு மாற்றுவதற்குத் துடைக்கும் முறையை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

அப்புறம் ஆயுள். என்னைப் பொறுத்தவரை இதுதான் மிகக் கனமான எதிர்வாதம். ரப்பர் கை பழசானாலும் கை மாதிரியே இருக்கும். ஹாலோலென்ஸ் 2 வந்தது 2019-இல், விலை 3,500 டாலர். 2024 அக்டோபரில் உற்பத்தி நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 டிசம்பர் வரைதான். இன்னொரு எம்ஆர் கண்ணாடியான மேஜிக் லீப் 1 கதை இன்னும் மோசம். 2024 டிசம்பர் 31-உடன் அதன் கிளவுட் சேவை நிறுத்தப்பட்டது, அதோடு கருவியும் வேலைக்கு உதவாமல் போனது. இந்தக் கருவிகளை நம்பிப் பாடம் எழுதிய கல்லூரிகள் இப்போது வேறு கருவிக்கு மாறிக்கொண்டிருக்க வேண்டும். 2023-இல் 499 டாலருக்கு வந்த குவெஸ்ட் 3 கையைக் கடிக்காது என்பது உண்மை, ஆனால் அது விளையாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. மெட்டாவின் மனம் மாறினால் நம் கையில் ஒன்றுமில்லை. கருவியின் விலையைவிட மென்பொருளின் ஆண்டுச் சந்தாவைத்தான் கவனிக்க வேண்டும். சந்தா முடிந்த மறுநாள் நோயாளி காணாமல் போய்விடுவார்.

“அமெரிக்காவிலேயே பாதி க்ளினிக்கல் நேரத்தை சிம்யுலேஷனால் மாற்றலாம் என்று நிரூபித்துவிட்டார்களே” என்று விற்பனையாளர் சொல்வார், அதாவது வார்டு நேரத்துக்குப் பதிலாகப் பாவனைப் பயிற்சி. அவர் சொல்வது அமெரிக்க மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட ஆய்வை. பத்துக் கல்லூரிகளில் நடந்தது, பாதி வரை மாற்றினாலும் முடிவுகள் குறையவில்லை என்றது. ஆனால் அது பொம்மை, நடிகர் வகையறாக்களைப் பற்றியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான கலந்துரையாடலும் இருந்த இடங்களில் நடந்தது. ஹெட்செட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. பிரிட்டனில் 2,300 மணி நேரப் பயிற்சியில் 600 வரைதான் சிம்யுலேஷனுக்கு அனுமதி. எம்ஆர் பற்றி வந்த ஆய்வுகளில் கணிசமானவை மாணவருக்குப் பிடித்ததா, நம்பிக்கை கூடியதா என்று கேட்டவை. நம்பிக்கை கூடினால் கேனுலா முதல் குத்திலேயே ஏறும் என்று அர்த்தமில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பாடத்திட்டம் 2021-இல் வந்தபோது ஸ்கில் லேபுக்குத் தனி நேரம் கொடுத்தது நல்ல விஷயம். அந்த நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பது கல்லூரியின் கையில்.

நான் வாங்குவதாக இருந்தால்

பணம் குறைவு என்றால் ஹெட்செட் பேச்சே வேண்டாம். ரப்பர் கைகள், கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டுப் பழகும் மாடல்கள், சென்சார் உள்ள சிபிஆர் பொம்மைகள், இரண்டு மாமா நட்டாலி, நடிகர்களுக்குச் சம்பளம். மிச்சத்தில் இரண்டு ட்யூட்டர்களைச் சிம்யுலேஷன் பயிற்சிக்கு அனுப்புவேன்.

இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கிற கல்லூரி என்றால் மூன்று அல்லது நான்கு கேமரா வழி ஹெட்செட் வாங்கலாம். அறுபது பேருக்கும் அல்ல, மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு மட்டும். மோசமாகும் நோயாளியைக் கண்டுபிடிக்கும் பாடம் ஒன்றிரண்டை மட்டும் அதில் நடத்தலாம். சாதாரணப் பொம்மையின் மேல் ஹாலோகிராம் முகத்தைப் பொருத்தும் வசதி இருந்தால் இன்னும் நல்லது: கை பொம்மையைத் தொடும், கண் முகத்தைப் பார்க்கும். பொம்மையை நகர்த்தினால் முகம் வேறிடத்தில் மிதக்கக்கூடும், அதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். ஹை-ஃபிடெலிட்டி மேனிக்வினா, ஹெட்செட்டா என்ற நேரடிப் போட்டி வந்தால், ஐசியூ படிப்பும் நிலையான ட்யூட்டர்களும் உள்ள இடத்தில் மேனிக்வின். இல்லாத இடத்தில் இரண்டும் வேண்டாம்.

டெமோ காட்ட வருகிறவரோடு கல்லூரி முதல்வரின் அறையில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். லேபுக்குக் கூட்டிப்போய், மூக்குக் கண்ணாடி போட்ட, கொண்டை போட்ட ஒரு மாணவியிடம் கொடுங்கள். ஆம்பூலைப் படிக்கச் சொல்லுங்கள், மூச்சை எண்ணச் சொல்லுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். நோயாளியின் தோல் நிறத்தையும் மொழியையும் நாமே மாற்றலாமா, கருவி நின்றுபோனால் பாடம் வேறு கருவியில் ஓடுமா, சந்தா நான்காவது ஆண்டில் எவ்வளவு என்று கேட்டு, பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தப் பணத்துக்கு ரப்பர் கை வாங்கிவிடலாம்.